மூன்று மாதத்து ரகசியம்

சென்ற கோடை விடுமுறையில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் ஏறிச் சென்றுகொண்டிருந்தோம். டம் டம் பாறையைத் தாண்டியதும், முன் ஆசனத்தில் இருந்த இளம் பெண் ஒருத்தி வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். கணவர் பதறிப்போய் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். "மலை வளைவு சில பேருக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்று கண்டக்டர் சமாதானம் கூறினார். பெருமாள்மலையில் ஏறிய கிழவி ஒருத்தி மட்டும் அந்தப் பெண்ணைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "நாள் தள்ளிப் போயிருக்கா, தாயி?" என்று மெல்லக் கேட்டாள்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க, பாட்டி" என்றாள்.

"ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மாகிட்டே சொல்லிட்டியா?"

பதில் இல்லை. கிழவி கேட்ட கேள்வியை நம்மால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கண்ணேறு படும் என்று முதல் மூன்று மாதம் விஷயத்தை மறைப்பது நம் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். ஆனால் வெளிக்கு ஒன்றும் தெரியாத அந்த மூன்று மாதத்திலேதான் உள்ளே பெரிய வேலைகள் நடைபெறுகின்றன. கரு உருவான நான்கு வாரங்களுக்குள், மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் ஆதாரமான குழாய் மூடிக்கொள்ள வேண்டும். 12 வாரம் நிறைவதற்குள் முக்கிய உறுப்புகள் யாவும் அமைந்துவிடுகின்றன. அந்தக் குழாய் சரிவர மூடுவதற்கு உதவுவது ஃபோலிக் அமிலம். நாள் ஒன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே அதைத் தொடங்குவது உத்தமம். கீரையிலும், பயறு வகைகளிலும், பழநி மலைச் சரிவுகளில் விளையும் வெண்ணெய்ப் பழத்திலும் இச்சத்து உண்டு. எனினும் உணவை மட்டும் நம்பி மாத்திரையைத் தள்ளிவிடலாகாது.

மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, நான்காவது மாதத்தில் அடங்கும். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு பிடி பொரியோ, ரஸ்க்கோ தின்பதும், வயிற்றைக் காலியாக விடாமல் கொஞ்சங் கொஞ்சமாக உண்பதும் நலம். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து கறுத்துப் போனால், அதைச் சாதாரண மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலின் குளிருக்குச் சில தனி எச்சரிக்கைகளும் தேவை. கதவுகளை அடைத்துக்கொண்டு கரியடுப்பில் குளிர் காய்தல் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு இருவர் இரத்தத்திலும் கலந்துவிடும். சாப்பாட்டுடன் தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். காரட், உருளைத் தோட்டங்களில் மருந்து தெளிக்கும் வேலையிலிருந்து கர்ப்பிணிகள் விலகியிருக்க வேண்டும்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று. கர்ப்பம் என்று அறியப்பட்டவற்றுள் 100-க்கு 10 முதல் 20 வரை தாமாகவே கலைந்துவிடுகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கருவிலேயே அமைந்த குரோமோசோம் கோளாறு. பஸ்ஸில் ஏறியதாலோ, குடம் தூக்கியதாலோ, பிறர் பார்த்ததாலோ அது நேர்ந்தது என்று துக்கத்தில் இருப்பவளைக் குற்றவாளியாக்குவது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

உதிரப்போக்கு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம் இவை கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிட்டால், உயிருக்கே ஆபத்து நேரும். வெகுகாலம் மோட்டார்ப் பாதையின்றி இருந்த வெள்ளகவி போன்ற ஊர்களில் டோலி கட்டி நோயாளிகளைச் சுமந்த வரலாற்றை மலைமக்கள் அறிவர். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனால் மலைப்பாதையில் நேரம் நேரந்தானே! முன்னமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்திருந்தால், இரத்த அளவும் உடல் நிலையும் அவருக்குத் தெரிந்திருக்கும்; யாரை அழைப்பது, எங்கே செல்வது என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாட்டு அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டம், 2018 முதல் ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அளிக்கிறது. அதற்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ளுதல் அவசியம். மூன்று மாத மௌனம் காத்தவள், உதவியையும் இழக்க நேரிடும்!

கொடைக்கானலில் பஸ் நின்றதும், அந்தக் கணவர் கிழவியிடம் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். கிழவி வழி சொன்னதோடு நில்லாமல், தன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தானும் உடன் நடந்தாள்.

மாமியார்மார்களே, ரகசியத்தை அக்கம்பக்கத்தாரிடமிருந்து காத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபமில்லை. செவிலியரிடமிருந்து மட்டும் மறைக்க வேண்டாம்.