ஒத்திசைய மறுத்த காலம்: ரியுய்ச்சி சகமோட்டோ குறித்து

2023 மார்ச் 28இல் ரியுய்ச்சி சகமோட்டோ இறந்தபோது வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லின. இளமையில் யந்திரங்களோடு விளையாடியவர், நடுவயதில் சினிமாவுக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கியவர், கடைசிக் காலத்தில் மழைச் சத்தத்தையும் மரங்களையும் தேடிப் போனவர். யந்திரத்திலிருந்து இயற்கைக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ராஜா கடைசியில் வானப்பிரஸ்தம் போகிற மாதிரி. எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தக் கதையாடல் அவருடைய இசையிலிருக்கும் அரசியலைக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு சாதுவை நம் கையில் கொடுக்கிறது. அந்த மனிதரை 45 ஆண்டுகள் விடாமல் துரத்திய கேள்வி வேறு என்பது என் வாசிப்பு. பல ஒலிகள் ஒரே காலத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? இசைக்குள் இது தாளம் பற்றிய கேள்வி. இசைக்கு வெளியே வந்தால் இதற்கு ராணுவம், தொழிற்சாலை, அரசு என்று வேறு வேறு பெயர்கள்.

சகமோட்டோ 1952இல் டோக்கியோவில் பிறந்தார். அப்பா பெயர் பெற்ற பதிப்பாசிரியர். யுகியோ மிஷிமாவின் 'ஒரு முகமூடியின் ஒப்புதல்கள்' அவர் கைவழியாக வந்த நாவல். மகன் பள்ளியில் படித்தபோதே 1960களின் இறுதியில் கொதித்த மாணவர் கிளர்ச்சிக்குள் போய்விட்டார். பிறகு டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசையாக்கம் படித்தார். அங்கேயே ஒகினாவா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பல இனக்குழு இசைகளோடும் மின்னணு இசைக்கருவிகளோடும் பழக்கம் ஏற்பட்டது. ஒரு பக்கம் டெபுஸி, இன்னொரு பக்கம் சின்தசைஸர். மூன்றாவது பக்கம் தெருவில் கொடி.

1978இல் ஹருவோமி ஹொசோனோ, யுகிஹிரோ தகஹாஷி இருவரோடும் சேர்ந்து யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்குகிறது. இனி ஒய்.எம்.ஓ. என்கிறேன். இவர்கள் பயன்படுத்திய யந்திரங்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரோலண்ட் கம்பெனி 1977இல் கொண்டுவந்த எம்.சி.-8 என்ற பெட்டி அது. அதை வாசிக்க முடியாது. எண் பொத்தான்களை அழுத்தி ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் உயரம் என்ன, அடுத்த சுரம் வர எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஒலிக்க வேண்டும், எவ்வளவு மௌனம் என்று எண்களாகவே எழுத வேண்டும். ஹிதேகி மட்சுதாகே என்ற நிரலாளர் இந்த வேலைக்காகவே குழுவோடு இருந்தார். ஒரு சுரம் சற்றுப் பிந்தி விழ வேண்டும், கொஞ்சம் சோம்பல் தெரிய வேண்டும் என்றால் அந்தச் சோம்பலையும் எண்ணாக்கித்தான் கொடுக்க வேண்டும். தமிழ் படித்த ஆளுக்கு இங்கே தொல்காப்பியம் ஞாபகம் வராமல் போகாது. மாத்திரைக்கு அது சொல்லும் அளவு கண்ணிமைப்பதும் விரல் நொடிப்பதும்தான். உடம்புதான் கடிகாரம். எம்.சி.-8இல் இது தலைகீழாகிறது. மேடையில் தகஹாஷி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யந்திரம் அனுப்பும் 'டிக் டிக்'குக்கு ஏற்ப டிரம்ஸ் அடித்தார். மனிதன் யந்திரத்துக்குத் தாளம் கொடுக்கவில்லை, அதனிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

இதை அடிமைத்தனம் என்று உடனே எழுதிவிடலாம். ஆனால் ஒய்.எம்.ஓ.வின் கிண்டலை விட்டுவிட்டால் விஷயம் புரியாது. அவர்களுடைய முதல் இசைத்தட்டிலேயே 'ஃபயர்கிராக்கர்' என்ற பாட்டு இருக்கிறது. அது அமெரிக்கரான மார்ட்டின் டென்னி 1950களில், மதுக்கூடங்களில் உட்கார்ந்து கீழைத்தேசத்தைக் கனவு காண்பவர்களுக்காகச் செய்த மெட்டு. வெள்ளைக்காரன் கற்பனை செய்த 'கிழக்கை' ஜப்பான்காரர்கள் மூன்று பேர் எடுத்து, உணர்ச்சியே இல்லாத யந்திரத்தில் போட்டு, அந்த வெள்ளைக்காரனிடமே திருப்பி விற்றார்கள். எட்வர்ட் செய்தின் 'ஓரியண்டலிசம்' வெளிவந்ததும் அதே 1978இல்தான். செய்த் வாதமாக வைத்ததை இவர்கள் நடனக்கூடத்தில் கேலியாக வைத்தார்கள் என்று சொல்லலாம். பார்த்தவர்கள் மாவோ உடை என்று நினைத்துக்கொண்ட சிவப்புச் சீருடை, சிரிக்காத முகம், ஒரே மாதிரி அசைவு. மேற்கத்தியப் பத்திரிகைகள் அன்று ஜப்பானியரை எப்படி வரைந்தனவோ, ரோபோ மாதிரி உழைக்கிற, முகமில்லாத கூட்டமாக, அந்தச் சித்திரத்தையே உடம்பில் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு வந்த சகமோட்டோவின் தனி இசைத்தட்டு, மாவோவின் கவிதையொன்றை யந்திரக் குரலில் வாசிப்பதோடு தொடங்குகிறது. அது பக்தியா பகடியா? எத்தனை முறை கேட்டும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. 1968இன் புரட்சிக் கனவு தோற்றபின், அதே சொற்கள் ஒரு யந்திரத் தொண்டையிலிருந்து வருகின்றன என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்து சினிமா. நகிஸா ஒஷிமா 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்' (1983) படத்தில் நடிக்க அழைத்தபோது, இசையையும் நானே செய்வதானால் நடிக்கிறேன் என்று சகமோட்டோ நிபந்தனை வைத்தார். அதற்குமுன் அவர் சினிமாவுக்கு இசையமைத்ததில்லை. 1942, ஜாவாவில் ஜப்பானியர் நடத்தும் போர்க்கைதிகள் முகாம். சகமோட்டோ அதன் அதிகாரி யோனோய். ஒழுங்கே மதமாகக் கொண்ட ஆள். டேவிட் போவி கைதி. அணிவகுத்து நிற்கிற கூட்டத்துக்கு நடுவே போவி நடந்துவந்து, வாளோடு நிற்கும் யோனோயின் இரு கன்னத்திலும் முத்தமிடுகிறார். அந்தக் கணத்தில் பிம்பம் திக்கித் திக்கி நகர்கிறது. யோனோய் நிலைகுலைந்து சரிகிறார். ராணுவத்தின் ஒத்திசைவு உடைகிற இடம் அது. இத்தனைக்கும் உடைப்பது துப்பாக்கியில்லை. படத்தின் மூல இசையும் இப்படித்தான். மேலே ஓடும் மெட்டு ஐந்து சுரங்களுக்குள் சுழல்வதால் 'ஆசிய' மெட்டு போலக் காதுக்குப் படுகிறது. அடியில் நகரும் சுரக்கோவைகளோ பிரெஞ்சு இசையைச் சேர்ந்தவை. மணியோசை மாதிரி வருவது ஜாவாவின் கேமலானை நினைவூட்டுகிறது, ஆனால் அது சின்தசைஸர். எந்த ஊர் இசை என்று கேட்டால் பதில் கிடையாது. பாட்டு வடிவத்துக்கு டேவிட் சில்வியன் வைத்த பெயர் 'ஃபர்பிடன் கலர்ஸ்', அதுவும் மிஷிமா நாவலின் பெயர். அப்பாவின் எழுத்தாளர் மகனின் பாட்டில் பேயாக வந்து நிற்கிறார்.

பெர்ட்டோலுச்சியின் 'கடைசிச் சக்கரவர்த்தி' (1987) படத்தில் அவர் ஏற்ற வேடம் இன்னும் முக்கியமானது. மசஹிகோ அமகாசு என்ற நிஜ மனிதன். 1923 காண்டோ நிலநடுக்கத்தின் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு அராஜகவாதி ஓசுகி சகாயேயையும், பெண்ணியவாதி இடோ நோயேயையும், கூட இருந்த ஆறு வயதுச் சிறுவனையும் கொன்ற ராணுவப் போலீஸ் அதிகாரி இவன். சில வருஷச் சிறை. பிறகு ஜப்பான் மஞ்சூரியாவில் வைத்த பொம்மை அரசில் சினிமா நிறுவனத்தின் தலைவன். கொலைகாரனுக்குக் கலாச்சாரத் துறை! 1945இல் விஷம் குடித்துச் செத்தான். பெர்ட்டோலுச்சியின் திரைக்கதை முதலில் அவனுக்கு ஹராகிரி வைத்திருந்தது. ஐரோப்பியனுக்கு ஜப்பானியன் என்றால் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் சாக வேண்டும். சகமோட்டோ சண்டை போட்டார். படத்தில் அமகாசு துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறான். ஒய்.எம்.ஓ. காலத்தில் வேண்டுமென்றே போட்டுக்கொண்ட முகமூடியை இன்னொருவன் வந்து மாட்டிவிடும்போது மறுக்கிறார். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படத்துக்கான இசை பிற்பாடுதான் கேட்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளை எழுதிக் கொடுத்தார். டேவிட் பைர்ன், சு ட்சோங் இருவரோடும் பகிர்ந்துகொண்ட 1988 ஆஸ்கர் இதற்குத்தான்.

பிறகு நியூயார்க் வாசம், பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா இசை (1992), பெர்ட்டோலுச்சியோடு மேலும் இரண்டு படங்கள். இவற்றை நான் விரைவாகக் கடக்கிறேன். ஆனால் 1999ஐக் கடக்க முடியாது. அந்த ஆண்டு 'எனர்ஜி ஃப்ளோ' என்ற பியானோ துண்டு, பாடலே இல்லாத இசை, ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதன்முறையாக முதலிடம் பிடித்தது. எங்கிருந்து வந்த துண்டு? ரீகெய்ன் என்ற ஊக்கமருந்தின் டிவி விளம்பரத்திலிருந்து. பத்து வருஷம் முன்னால், 24 மணி நேரமும் உங்களால் போராட முடியுமா என்று ஆபீஸ் தொழிலாளிகளைக் கேட்டு விளம்பரம் செய்த அதே பெயர். இப்போது பொருளாதாரம் சரிந்து, சோர்ந்து போனவர்களுக்கு மெல்லிய பியானோ. மறுநாள் காலை நேரத்துக்கு வேலைக்கு வரவேண்டுமில்லையா. எதிர்ப்பாளர் சகமோட்டோவை மட்டும் கொண்டாடுகிற நண்பர்கள் இந்தத் துண்டைப் பேசாமல் தாண்டிவிடுகிறார்கள். ஒத்திசைவைக் கேள்வி கேட்டவரின் இசையே ஒத்திசைவுக்கு எண்ணெய் போட்டது.

2011 மார்ச்சில் புகுஷிமா. அணு எரிபொருள் மறுசுழற்சிக்கு எதிராக 2006லேயே இயக்கம் நடத்தியவர் சகமோட்டோ. 2012 ஜூலையில் கிராஃப்ட்வெர்க்கையும் ஒய்.எம்.ஓ.வையும் ஒரே நிகழ்ச்சியில் கொண்டுவந்து அணு எதிர்ப்பு இசைவிழா நடத்தினார். அதே மாதம் யோயோகி பூங்காவில் கூடிய பெருங்கூட்டத்தில், கேவலம் மின்சாரத்துக்காக உயிர்களை ஏன் ஆபத்தில் தள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். உடனே ஏளனம். கரண்ட் இல்லாமல் உன்னால் ஒரு சுரம் போட முடியுமா? மின்சாரத்தில் சம்பாதித்தவன் மின்சாரத்தைக் கேவலம் என்கிறானே?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. அதே 2012இல் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்த ஊர்கள் உண்டு. புகுஷிமாவைப் பார்த்துவிட்டு இடிந்தகரையில் உட்கார்ந்திருந்த மீனவ மக்களிடம், உங்களுக்கு மட்டும் ஃபேன் ஓட வேண்டாமா என்று கேட்கப்பட்டது. பயன்படுத்துகிறவனுக்கு எதிர்க்க உரிமையில்லை என்கிற இந்தத் தர்க்கத்தின்படி, சோறு தின்கிற எவனும் நிலவுடைமையை எதிர்க்க முடியாது. சகமோட்டோ மின்சாரத்தை மறுக்கவில்லை. ஒரே கம்பெனி, ஒரே கட்டமைப்பு, எல்லா வீடும் அதன் துடிப்புக்கு ஒத்து ஓட வேண்டும், ஒரு இடம் உடைந்தால் ஒரு பிரதேசமே காலி செய்யப்பட வேண்டும் என்கிற ஏற்பாட்டை மறுத்தார். எம்.சி.-8இன் முன்னால் உட்கார்ந்த ஆளுக்கு அது தெரியாதா என்ன?

மியாகி மாகாணத்து வேளாண் பள்ளியொன்றில் சுனாமித் தண்ணீரில் மூழ்கிய பியானோ ஒன்றை அவர் போய்ப் பார்த்தார். 'கோடா' (2017) ஆவணப்படத்தில் அதைப் பற்றி அவர் தரும் விளக்கம் முக்கியம். பியானோ தொழிற்புரட்சியின் பண்டம். மரத்தை மாதக்கணக்கில் அழுத்தி வளைத்து, டன் கணக்கான விசையில் கம்பிகளை இழுத்துக் கட்டி, நமக்கு வேண்டிய சுரத்தில் நிற்க வைக்கிறோம். சுதி கலைந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, அந்த மரமும் இரும்பும் தம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. 2014இல் தொண்டைப் புற்றுநோய் வந்து மீண்டவர் பேசுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தப் பியானோவின் ஒலி 'அசிங்க்' (2017) இசைத்தட்டில் வருகிறது. தலைப்பே ஒத்திசையாமை. உலக இசை பெரும்பாலும் சேர்ந்து நடப்பதையே இலக்காகக் கொண்டிருப்பதால், சேராத இசையைச் செய்து பார்க்க விரும்பினார். வெவ்வேறு ஒலிகள் தத்தம் வேகத்தில் போகின்றன. குழப்பமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆச்சரியம், ஒரு கூட்டம் தெருவில் நடப்பது போலத்தான் இருக்கிறது, அணிவகுப்பாக இல்லாமல்.

2023 மார்ச்சில், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், டோக்கியோவின் ஜிங்கு காய்யென் பகுதியில் கட்டடத் திட்டத்துக்காக மரங்களை வெட்டுவதை நிறுத்தச் சொல்லி ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். இதை வைத்துத்தான் 'இயற்கைக்குத் திரும்பினார்' கதை முடிகிறது. ஆனால் அந்தச் சுனாமிப் பியானோவை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2017 கடைசியில் டோக்கியோவில், ஷிரோ தகாதானியோடு சேர்ந்து அதைக் காட்சிக்கு வைத்தார். விசைகளை அழுத்தியது மனிதக் கை இல்லை, யந்திரம். அந்த யந்திரத்துக்குக் கட்டளையாகப் போனவை உலகின் பல பகுதிகளில் பதிவான நிலநடுக்கத் தரவுகள். அதாவது 1978இல் போலவே எண்கள்தாம், எண்ணுக்கு ஒரு சுரம். எண்களை எழுதியது மட்டும் இந்த முறை எந்த நிரலாளரும் இல்லை.