சீட் நம்பர் கையில் இருக்க வரிசை எதற்கு?

திருப்பரங்குன்றத்துக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, பெருங்குடிப் பக்கம் இருக்கிறது மதுரை விமான நிலையம். சென்னை விமானத்துக்கு அழைப்பு வருவதற்கு முன்பே கேட் எதிரே வரிசை நின்றுவிடும். ஒவ்வொருவர் கையிலும் போர்டிங் பாஸ், அதில் சீட் நம்பர். முதல் ஆளாக ஏறினாலும் கடைசி ஆளாக ஏறினாலும் 14-சி என்பது 14-சிதான். பிறகு ஏன் இந்த அவசரம்? பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த பழக்கம் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அந்தக் கிண்டலில் உண்மை குறைவு.

சீட்டுக்கு நம்பர் உண்டு, தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடத்துக்கு நம்பர் கிடையாது. உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக 7 கிலோ பை ஒன்று, அதுபோக லேப்டாப் பையோ கைப்பையோ. செக்-இன் பெட்டி அளவைத் தாண்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம். ஆகவே முடிந்ததையெல்லாம் கைப்பையில் திணித்துக்கொண்டு வருகிறோம். கடைசியில் ஏறுபவருக்கு மேலே இடம் இருக்காது. பத்து வரிசை பின்னால் போய்ப் பையைச் சொருகிவிட்டு வந்தால், இறங்கும்போது கூட்டத்தை எதிர்த்து நடந்து அதை எடுத்து வர வேண்டும். கேட்டில் முந்தி நிற்பவர் போட்டி போடுவது அந்த ஒன்றரை அடி இடத்துக்கு. கணக்குப் பார்த்தால் அவர் செய்வதில் தப்பில்லை.

சரி, பின்வரிசைக்காரர்களை முதலில் ஏற்றினால் நெரிசல் குறையாதா? எல்லோருக்கும் தோன்றும் யோசனை இது. அமெரிக்க வான் இயற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008-ல் இதைக் கணினியில் ஆராய்ந்தார். பிறகு 12 வரிசை கொண்ட மாதிரி விமானத்தில் 72 பேரை ஏற்றியே பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவு பலரின் நினைப்பைப் பொய்யாக்கியது. வரிசைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஏற்றியபோது 6 நிமிடம் 54 விநாடி. எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தவர் வந்தபடி ஏறியபோது 4 நிமிடம் 44 விநாடி. ஜன்னலோரம், நடு, நடைபாதையோரம் என்ற வரிசையில் 4 நிமிடம் 13 விநாடி. ஸ்டெஃபன் சொன்ன முறையில் 3 நிமிடம் 36 விநாடி.

நேரத்தைத் தின்பது நடை அல்ல, பை வைப்பது. கடைசி ஐந்து வரிசைக்காரர்களைச் சேர்த்துக் கூப்பிட்டால், அத்தனை பேரும் அதே சிறிய இடத்தில் முட்டி நிற்பார்கள். ஒருவர் பை வைத்து முடிக்கும்வரை மற்றவர் சும்மா நிற்க வேண்டும். ஸ்டெஃபன் முறையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஜன்னலோரத்துக்காரர்கள் முதலில் வருவார்கள், பலர் ஒரே நேரத்தில் பை வைத்துவிடலாம். ஆனால் நம்மூரில் இது நடக்குமா? அம்மா ஜன்னலோரம், பிள்ளை நடுவில், அப்பா ஓரத்தில் என்றால் மூன்று தடவை தனித்தனியாகவா கூப்பிடுவது? அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2023 அக்டோபரில் ஜன்னலோர முறைக்குத் திரும்பியபோது, ஒரே முன்பதிவில் இருக்கும் குடும்பங்கள் சேர்ந்தே ஏறலாம் என்று விட்டுவிட்டது. இண்டிகோ இறங்கும் பக்கத்தைக் கவனித்தது. 2022-ல் மூன்று வழிகளில் பயணிகளை இறக்கத் தொடங்கியது, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

சிறிய ஏடிஆர் விமானங்களில் நிலைமை வேறு. சுமார் 78 பேர் அமரும் இதில் பயணிகள் ஏறுவது வால் பக்கக் கதவு வழியாக. எல்லாரும் பின்னால் குவிந்தால் வால் தரையில் அமர்ந்துவிடக்கூடும் என்பதால், நிற்கும்போது வாலுக்கு அடியில் முட்டுக்கட்டை போல ஒரு தண்டை வைப்பார்கள். பறக்கும்போது அந்தத் தண்டு கிடையாது. எந்த வரிசையில் எத்தனை பேர் என்று எடைக் கணக்குப் போட்டுத்தான் விமானி கிளம்புகிறார். “முன்னால காலியா இருக்கே, அங்க போய் உட்காரட்டுமா?” என்று கேட்டால் பணிப்பெண் மறுப்பதற்கு இதுவும் காரணம், பணம் கட்டி வாங்க வேண்டிய சீட் என்பதும் காரணம்.

ஏடிஆரின் அவசர வழி முன்வரிசைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்ப இருந்த இண்டிகோ விமானத்தில், பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோதே அந்தக் கதவு திறந்துகொண்டது. பயணி ஒருவர் தவறுதலாகத் திறந்துவிட்டார், உடனே மன்னிப்புக் கேட்டார் என்றது நிறுவனம். அவர் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா என்பதும் தவறுதலாக நடந்தது என்பதும் மறுமாதம் விமானப் போக்குவரத்து அமைச்சர் பேசிய பிறகு உறுதியானது. கதவைச் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே விமானம் நகர்ந்தது. அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம் என்று காசு கொடுத்து வாங்குகிறோம். ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கும் வேலையும் அந்த டிக்கெட்டோடு வருகிறது. அதனால்தான் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த வரிசை கிடையாது.

சீட் தகராறு பெரிதாகி விதியையே மாற்றியதும் உண்டு. 2017 மார்ச்சில் புனேயிலிருந்து டெல்லிக்கு வந்த சிவசேனை எம்.பி. ரவீந்திர கெய்க்வாட்டிடம் இருந்தது பிசினஸ் வகுப்பு டிக்கெட், அந்த விமானத்திலோ எல்லாமே எகானமி. டெல்லியில் இறங்க மறுத்தவர், பேச வந்த ஏர் இந்தியா அதிகாரியைச் செருப்பால் அடித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் அடாவடிப் பயணிகளுக்கான விதி வந்தது. வாயால் வம்பு செய்தால் 3 மாதம் வரை, கை வைத்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது 2 ஆண்டு பறக்கத் தடை.

விமானத்துக்குள் நடந்த விதிமீறல்களில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. 2021 மே 23, மறுநாள் முதல் தளர்வில்லா கொரோனா ஊரடங்கு. மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உறவினர்கள் சூழ, நடுவானில் ஒரு மணமகன் தாலி கட்டினார். முருகன்–தெய்வானை திருமணத் தலமான திருப்பரங்குன்றத்துக்கு அருகிலிருந்து கிளம்பிய விமானம் என்பதால் ஊரில் பலர் ரசித்தார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ரசிக்கவில்லை. நடைபாதை முழுக்க ஆட்கள் நெருக்கியடித்து நின்ற படங்கள் பரவியதும், பணிக்குழுவைப் பணியிலிருந்து விலக்கி வைத்து விசாரணைக்கு உத்தரவிட்டது. திருமணம் முடிந்தவர்களின் உல்லாசப் பயணம் என்றே பதிவானது, விமானத்துக்குள் எந்த நிகழ்ச்சிக்கும் அனுமதி தரவில்லை என்றது நிறுவனம். விமானத்தை முழுசாக வாடகைக்கு எடுத்தாலும் உள்ளே செல்லுபடியாவது விமானியின் சொல்தான்.

பயணிக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன, தெரிந்தவர்கள்தான் குறைவு. நேரத்துக்கு வந்தும், இருக்கும் சீட்டைவிட அதிகம் விற்றுவிட்டோம் என்று ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தர வேண்டும். அதைத் தாண்டி 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் ஒருவழி அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணமும் சேர்த்து இரு மடங்கு இழப்பீடு, அதிகபட்சம் ₹10,000. அதற்கும் மேல் தாமதித்தால் நான்கு மடங்கு, அதிகபட்சம் ₹20,000. ஒரே பிஎன்ஆரில் வரும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலோ, உடன் வரும் பெரியவர் பக்கத்திலோ இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ சொல்லிவிட்டது. இதைச் செக்-இன் கவுன்டரிலேயே கேட்டு வாங்குங்கள். உள்ளே ஏறிய பிறகு கேட்டால், ஜன்னலோரத்துக்குக் காசு கட்டிய யாரோ ஒருவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.