"ஹஜ்ரத், படத்தில் ஏன் அப்படிக் காட்டுகிறார்கள்?"

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டார மதரஸாக்களில் மாலைப் பாடத்திற்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை சற்றே குறையும். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்ற செய்தி ஆசிரியரின் பிரம்பைவிட வலிமையானது!

அப்படி வருகை குறைந்திருந்த ஒரு வியாழக்கிழமை மாலை, பாடம் முடிந்த பின்னும் ஒரு சிறுவன் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தான். வயது பத்து இருக்கும். "என்ன தம்பி?" என்றேன். குர்ஆனை உறையில் இட்டுக்கொண்டே கேட்டான்:

"ஹஜ்ரத், படத்துல நாம தொழுறதைக் காட்டினா, அடுத்து ஏன் குண்டு வெடிக்குது?"

பள்ளியில் உடன் படிக்கும் பிள்ளை ஒருவன், முந்தைய இரவு தொலைக்காட்சியில் கண்ட படத்தை மனத்தில் வைத்து இவனை ஏதோ ஒரு சொல்லால் அழைத்திருக்கிறான். அந்தச் சொல்லை அவன் என்னிடம் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

"நாளை ஜும்ஆ, விடுமுறை. சனிக்கிழமை பதில் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். உண்மையில் என்னிடம் அப்போது பதில் இல்லை.

பன்னிரண்டு வயதில் நான் கண்டது

அந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. 1992இல் மணிரத்னத்தின் 'ரோஜா' வெளிவந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசியிலிருந்து சில கல் தொலைவில் இருக்கும் ஊர். சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் இன்றும் மக்கள் வண்டி பிடித்துப் போய்ப் பார்க்கும் ஊர். நம் பக்கத்து ஊரின் பெயர் திரையில் ஒலித்தபோது நாங்கள் கைதட்டி மகிழ்ந்தோம்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. தேசியக் கொடி எரிகிறது, கதாநாயகன் தன் உடலால் தீயை அணைக்கப் பாய்கிறான், தீவிரவாதியோ தொழுதுகொண்டிருக்கிறான். என் வாப்பா ஐவேளையும் தொழுபவர். கொடியை மதிப்பவர். அவர் செய்வதும் இதே தொழுகைதானே என்று நினைத்தேன். அருகில் இருந்த நண்பனின் முகத்தைப் பார்க்க எனக்கு நாணமாக இருந்தது. அதே தீவிரவாதி இறுதியில் மனம் இளகிக் கதாநாயகனைத் தப்பிக்க விடுகிறான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் எனக்குள் தங்கியது முதற்காட்சியே. முப்பது ஆண்டுகளுக்குப் பின், அதே நாணத்தை அந்தச் சிறுவனின் முகத்தில் கண்டேன்.

மருமகனின் தராசு

என் தமக்கை மகன் ஒருவன் இருக்கிறான். தென்காசியில் கடை வைத்திருக்கிறான். தொழுகையை விடாதவன், படத்தையும் விடாதவன். இதுபற்றி அவனைக் கடிந்து கடிந்து நான் ஓய்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு பழைய குற்றாலம் வரை நடந்தேன். "மருமகனே, இன்று உன்னைக் கடிய வரவில்லை, கற்க வந்திருக்கிறேன். அண்மைக் காலப் படங்களைப் பற்றி உள்ளபடி சொல்" என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான்.

"மாமா, எல்லாப் படத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது" என்று தொடங்கினான்.

முதலில் 'அமரன்' பற்றிச் சொன்னான். 2014இல் காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைக் கூறும் இப்படம் 2024 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. "கணவனை இழந்த மனைவியாக வரும் சாய் பல்லவியின் நடிப்பில் அரங்கமே அழுதது, நானும் அழுதேன். ஆனால் காஷ்மீரத்து மக்கள் பெரும்பாலும் கல்லெறியும் கூட்டமாகத்தான் வந்து போகிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பங்கரையை நாம் காணவே இல்லை" என்றான். வீரரின் தியாகத்தை வணங்காமல் மதிக்கலாம். படத்தின் பார்வையை வெறுக்காமல் விமர்சிக்கலாம். இரண்டும் ஒருவனுக்கு ஒரே நேரத்தில் இயலும் என்பதை என் மருமகனிடம் கண்டேன்.

அந்தப் படம் ஓடிய மேலப்பாளையத் திரையரங்கின் மீது 2024 நவம்பரில் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. எறிந்தவர் எவராயினும், படம் சொன்ன பழியை மெய்ப்பிக்க அதைவிடச் சிறந்த வழி உண்டா? 2013இல் 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் பதினைந்து நாள் தடை செய்யப்பட்டதையும் நினைத்துக்கொண்டேன். தடை நீங்கியபோது, படம் பார்க்கும் வழக்கமே இல்லாதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள்.

கற்பனைக் கதைகளில் அவனுக்குப் பிடித்தது 2021இல் வந்த 'மாநாடு'. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் விந்தைக் கதை. முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் மீது போடச் சதி நடக்கிறது. அதை முறியடிக்கப் போராடும் நாயகனின் பெயர் அப்துல் காலிக். "நம் பெயருள்ளவன் கதாநாயகனாக வந்தபோது எல்லாரும் சேர்ந்தே கைதட்டினார்கள், மாமா" என்றான்.

விளையாட்டுப் படங்களில் 2024இன் 'லப்பர் பந்து'. சிற்றூர்க் கிரிக்கெட்டில் திறமை இருந்தும் சாதியின் பெயரால் அணியில் இடம் மறுக்கப்படும் இளைஞனின் கதை. "பள்ளிவாசல் ஸஃப்பில் நமக்கு அந்தப் பேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவன் விடவில்லை: "ஸஃப்பில் இல்லை, மாமா. பெண் பார்க்கும்போது எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று கேட்கிறோமே?" நான் பேசாமல் நடந்தேன்.

பேய்ப் படங்களை அவன் பொழுதுபோக்கு என்றே கொள்கிறான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தகைய படம் பார்த்த பிள்ளை இரவில் அஞ்சினால் மறுநாள் தாயார் தாயத்துக் கேட்டு என்னிடம் வருகிறார். திரையில் கிளப்பிய அச்சத்திற்குக் கயிற்றில் மருந்து தேடும் இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

சண்டைப் படங்களில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டோம். 2025 ஆகஸ்டில் வந்த 'கூலி' படத்திற்கு 'ஏ' சான்றிதழ் தரப்பட்டிருந்தது. அதை அறியாமல் பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம் வாயிலிலேயே திரும்பிப் போனதை அவன் கண்டிருக்கிறான். பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று: 2024ஆம் ஆண்டின் புதிய விதிகளின்படி 'யு/ஏ' சான்றிதழ் 7, 13, 16 என்னும் வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணைப் பார்க்காமல் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுப்பது, உறையைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஒட்டகமும் ஒரு மையித்தும்

மருமகன் கடைசியாகச் சொன்ன இரண்டு படங்களும் என்னைச் சிந்திக்க வைத்தன.

ஒன்று, 2019இல் வந்த 'பக்ரீத்'. குர்பானிக்கென வரவழைத்த ஒட்டகத்தோடு ஒரு குட்டியும் வந்துவிடுகிறது. ஏழை விவசாயி ஒருவர் அதை வீட்டுக்கு அழைத்துச் சென்று பிள்ளையைப் போல வளர்க்கிறார். இந்த மண் அதற்கு ஒவ்வாது என்று தெரிந்ததும் இராஜஸ்தானத்தில் கொண்டு விடப் புறப்படுகிறார். ஐந்து வயது நிறையாத ஒட்டகம் குர்பானிக்கு ஆகாது என்பது நம் சட்டம். வேலைப்பளுவால் வாடிய ஓர் ஒட்டகம் கண்ணீர் சிந்தக் கண்டு, அதைத் தடவிக்கொடுத்து, அதன் உரிமையாளரை எச்சரித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தப் பரிவை ஒரு படம் நமக்கு நினைவூட்டியது.

மற்றொன்று, 2023 மார்ச்சில் வந்த 'அயோத்தி'. மந்திர மூர்த்தி இயக்கியது. இதை நானும் பார்த்திருக்கிறேன். அயோத்தியிலிருந்து இராமேசுவரத்திற்கு வரும் குடும்பம் விபத்தில் சிக்குகிறது, தாய் இறந்துபோகிறார். மொழி தெரியாத ஊரில் அந்த உடலை எடுத்துச் செல்ல வழியின்றிப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். முன்பின் அறியாத ஓர் இளைஞன் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அந்த மையித்தை விமானத்தில் ஏற்றிவைக்கிறான். விடைபெறும் நேரத்தில் அவன் பெயரைக் கேட்கிறார்கள். "அப்துல் மாலிக்" என்கிறான்.

ஒரு ஜனாஸா கடந்து போகையில் அண்ணலார் (ஸல்) எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் உயிர் அன்றோ என்று வினவினார்கள். நான் பலமுறை பாடமாக நடத்திய அந்த நபிமொழிக்கு அப்துல் மாலிக்கை ஓர் உரையாகவே கண்டேன்.

சனிக்கிழமை

மறுநாள் பாடம் தொடங்குமுன் அந்தச் சிறுவனை அருகில் அழைத்தேன். "படம் எடுப்பவருள் நம்மை அறிந்தவரும் உண்டு, அறியாதவரும் உண்டு. அறியாதவர், கேள்விப்பட்டதைக் கொண்டு எடுக்கிறார்" என்றேன். அப்துல் மாலிக்கின் கதையைச் சொன்னேன். 1965 போரில் எதிரியின் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதைப் பற்றியும் சொன்னேன். இவரை நம் பிள்ளைகளுக்கு நாமே அறிமுகப்படுத்தாமல் இருந்தது யார் குற்றம்?

சிறுவன் யோசித்தான். "அந்தப் பையன்கிட்ட நான் என்ன சொல்லணும், ஹஜ்ரத்?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். உன் வீட்டுக்கு அழைத்து வா. உன் உம்மா கையால் சாப்பிடட்டும். அஸர் நேரமானால் அவன் கண்முன்னே தொழு. தொழுகைக்குப் பின் என்ன நடக்கிறது என்று அவனே பார்த்துக்கொள்வான்."

இரண்டு வாரம் கழித்துச் சிறுவன் வந்து சொன்னான்: "அவன் வந்தான், ஹஜ்ரத். நான் ஸலாம் கொடுத்து முடிச்சதும், 'அவ்வளவுதானா? வா, விளையாடலாம்'னு கூப்பிட்டான்."

இதைவிட நல்ல திரை விமர்சனத்தை நான் கேட்டதில்லை. பிள்ளைகளின் உள்ளங்களை இணைத்து வைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!