இளைக்குது என்றால் எது?

மூச்சு வாங்குவதை ஆங்கிலத்தில் 'பான்ட்' என்பார்கள். ஒன்றுக்காக ஏங்குவதற்கும் அதே சொல்தான். (களிசானுக்குச் சொல்லும் 'பான்ட்' வேறு, அது பழைய இத்தாலிய நாடகப் பாத்திரமொன்றின் பெயரால் வந்தது.) அகராதியைப் புரட்டியபோதுதான் அறிந்தேன், அதன் மூலச்சொல் கெட்ட கனாவில் மூச்சு முட்டுவதையும் குறித்திருக்கலாமாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நம்மில் எத்தனை பேர் அப்படி நடுச்சாமத்தில் எழும்பியிருப்போம்! சண்டைக் காலத்திலும்தான்.

நமது 'இளைப்பு'ம் லேசுப்பட்டதல்ல. மூச்சு வாங்கினாலும், மெலிந்தாலும், களைத்தாலும் இளைப்புத்தான். ஓய்வுபெற்றவரோ 'இளைப்பாறிய' ஆசிரியர்!

ஆகவே சகோதரிகளே, வைத்தியரிடம் "இளைக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பிரித்துச் சொல்லுங்கள். நடந்தால் மூச்சு வாங்குவது இரத்தக்குறைவாக இருக்கலாம். நெஞ்சு இரைந்தால் முட்டாக இருக்கலாம். மல்லாந்து படுத்தால் கூடுகிறதா? இதயத்தைப் பார்க்க வேண்டும், தாமதிக்காதீர்கள். கெட்ட கனாவோடு வருகிறதென்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

வைத்தியர் சிங்களவரானால் மூச்சு வாங்குவதற்கு 'ஹதி' என்று சொன்னால் விளங்கும்.