மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, வெயிலும் விடாது! கோடையில் பெயின்ட்பால் ஆடப் போறீங்களா?

கோடை விடுமுறை தொடங்கியதும் ரிசார்ட் பேக்கேஜ்களில் நீச்சல் குளத்துக்கும் ரெயின் டான்ஸுக்கும் பக்கத்தில் பெயின்ட்பாலும் இடம் பிடித்துவிடும். ஆபீஸ் டீம் அவுட்டிங், கல்லூரி நண்பர்கள் சந்திப்பு, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் ஒன்றுகூடும் மே மாதம் என எதற்கும் பொருந்துகிற விளையாட்டு இது. இரண்டு அணி, கையில் பெயின்ட் உருண்டையைச் சுடும் கன், மறைந்துகொள்ள டயர் அடுக்கும் டிரம்மும். ஒரு ரவுண்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் வெயில் என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால், கிரிக்கெட் ஆடுகிறவர் ஒரு டி-ஷர்ட்டும் தொப்பியும் போட்டால் போதும். பெயின்ட்பாலில் போட்டிருக்கும் துணிக்கு மேலே முழுக்கை ஓவர்ஆல், அதற்கு மேலே நெஞ்சுக்கவசம், கழுத்துக்கு ஒரு கவசம், கையுறை, முகம் முழுக்க மாஸ்க். அடி படாமல் காப்பாற்றும் இதே உடுப்புதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

வியர்வை வழிவதால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. வியர்வை ஆவியாக வேண்டும். ஓவர்ஆலுக்குள் காற்றோட்டம் இல்லை, கடலோர ஊர்களில் வெளிக்காற்றிலேயே ஈரப்பதம் அதிகம். காற்றின் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதவிகிதம் என்றால், உடம்புக்கு அது சுமார் 41 டிகிரி போல இருக்கும். இது நிழலில் நிற்பவருக்கான கணக்கு. வெயிலில், கவசத்தோடு, குனிந்து ஓடுகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதனால் வெயில் கொளுத்தும் வேலூர், மதுரையைவிட 'இங்கே 34 டிகிரிதானே' என்று ஈ.சி.ஆர் பக்கம் போகிறவர்கள்தான் ஏமாறுவார்கள்.

மாஸ்க் மட்டும் அசையக் கூடாது

வியர்வை கண்ணில் இறங்கும், மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும். உடனே கை தானாக மாஸ்க்கைத் தூக்கப் போகும். அங்கேதான் ஆபத்து. பெயின்ட் உருண்டை விநாடிக்கு 300 அடி வரை வேகத்தில் வருகிறது. மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர்! உலகின் அதிவேகப் பந்துவீச்சாளர்கள் போடும் பந்தின் வேகத்தைப்போல இரண்டு மடங்கு. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தண்ணீர் குடிக்க என்றாலும், முகம் துடைக்க என்றாலும், மைதானத்துக்குள் மாஸ்க்கைத் தூக்கவே கூடாது. முடியவில்லை என்றால் கையை உயர்த்தி ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு, வலைக்கு வெளியே வந்த பிறகே கழற்ற வேண்டும்.

அதாவது, ஆட்டத்தின் நடுவே தாகம் எடுத்தால் குடிக்க வழியில்லை. குளிர்ச்சி, தண்ணீர் இரண்டையும் உள்ளே போவதற்கு முன்னாலும் ரவுண்டுகளுக்கு இடையிலும்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

இரட்டை அடுக்குக் கண்ணாடி உள்ள மாஸ்க் அவ்வளவு சீக்கிரம் மங்காது. வாடகை மாஸ்க் எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்கலாம். நெற்றியில் ஒரு டர்க்கி துணிப் பட்டை கட்டினால் வியர்வை கண்ணுக்கு இறங்காது.

எப்போது, எவ்வளவு குடிப்பது?

கடும் வெயிலில் ஓடியாடினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போவது சாதாரணம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அரை லிட்டர் குடித்துவிடுங்கள். பிறகு 15 - 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி. தாகம் எடுக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். அதற்காக ஒரே மூச்சில் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்ப்பதும் தவறு. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தாகக் குறையலாம்.

வியர்வையோடு உப்பும் போகிறது. அரை நாள் ஆட்டம் என்றால் வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சை ஜூஸ் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகிற சோடியம் குறைவு. கூடவே உப்புக்கடலை கொறித்தால் சரியாகிவிடும். ஓ.ஆர்.எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த பாக்கெட்டா என்று பாருங்கள். அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எனர்ஜி டிரிங்க் வேண்டாம். முந்தைய இரவு மது அருந்தியவர்கள் வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதலாம்! ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயத்துக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

உள்ளே என்ன போடுவது?

அடி வலிக்காமல் இருக்க ஜீன்ஸும் ரெண்டு டி-ஷர்ட்டும் போட்டு வருகிறவர்கள் உண்டு. வலியைத்தான் நெஞ்சுக்கவசம் பார்த்துக்கொள்கிறதே! உள்ளே மெல்லிய, சீக்கிரம் காயும் ஒரே ஒரு டி-ஷர்ட், டிராக் பேன்ட் போதும். ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் சுற்றினால் குளிர்ச்சியோடு கழுத்துக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். ரவுண்டு முடிந்து வெளியே வந்ததும் ஓவர்ஆலை இடுப்பு வரை இறக்கிவிட்டு நிழலில், மின்விசிறிக்கு எதிரே உட்காருங்கள். ஒரு வாளி குளிர்ந்த நீரில் முழங்கை வரை கைகளை முக்கி வைப்பது இன்னும் நல்லது. தீயணைப்பு வீரர்கள் உடம்புச் சூட்டைத் தணிக்கக் கடைப்பிடிக்கும் முறை இது.

ஆடும் விதத்தையும் மாற்றலாம். இந்த விளையாட்டு பிறந்தது 1981 ஜூன் 27-ல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக் காட்டில். மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளமிடும் பெயின்ட் துப்பாக்கிகளோடு 12 பேர் ஆடினார்கள். ஜெயித்த ரிச்சி வைட், ஒரு முறைகூடச் சுடவில்லை. யார் கண்ணிலும் படாமல் நகர்ந்தே கொடிகளை எடுத்துவிட்டார். வெயில் நேரத்துக்கு இதுதான் சரியான ஆட்டம்.

கன்னுக்கும் வெயில் ஆகாது. கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் சூடானால் அழுத்தம் கூடும், உருண்டையின் வேகமும் கூடும். அதனால் மதிய ஆட்டத்துக்கு முன் வேகத்தை மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள். சொந்தமாக வைத்திருப்பவர்கள் சிலிண்டரையும் ஜெலட்டின் உருண்டைகளையும் பூட்டிய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம்.

மாஸ்க்குக்குள் முகம் தெரியாது

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். உளறல், தள்ளாட்டம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தொட்டிருக்கும். 'வியர்க்கிறதே, ஒன்றும் இருக்காது' என்று விட்டுவிடக் கூடாது. ஓடியாடி வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை நிற்காமலே இருக்கலாம். சாதாரணமாக நண்பன் முகம் வெளிறினால் நமக்குத் தெரியும். இங்கே மாஸ்க் மறைத்துவிடும். அதனால் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் ஒருவரையொருவர் பேசவைத்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் 108-க்கு போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் கவசங்களைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

புக் செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். காலை 9 மணிக்குள் முடிகிற, அல்லது மாலை 4.30-க்கு மேல் தொடங்குகிற ஸ்லாட் இருக்கிறதா? ரவுண்டுகளுக்கு நடுவில் உட்கார நிழல் உண்டா? ஐஸும் குடிதண்ணீரும் மைதானத்தின் பக்கத்திலேயே கிடைக்குமா? 'மதியம் 12 மணி ஸ்லாட்தான் காலி, பாதி விலை' என்று சொன்னால், அந்த நேரத்துக்கு நீச்சல் குளத்தை புக் செய்துகொள்ளுங்கள்.