அறுந்தால் நிற்கும் தறி

தானியங்கி யந்திரம் என்றவுடன் நம் அங்கத்தினர் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, ஆளில்லாத ஆலையில் இரும்புக் கை ஒன்று வேலை செய்யும் காட்சியே. நெசவாளருக்கு அதனால் அச்சம், விவசாயிக்கு ஆச்சரியம். சங்கக் கூட்டங்களிலோ வேறொரு கேள்வி எழுகிறது. மோட்டாருக்கும் பம்புக்கும் பொருத்தும் 'ஸ்மார்ட்' கருவிகளை விற்க வருவோர் கூறுவதை நம்பிக் கடன் வழங்கலாமா என்று நிர்வாகிகள் கேட்கின்றனர். இதற்கு விடை கூறுமுன், தானியக்கம் என்பது அடிப்படையில் யாது என்பதை அறிதல் வேண்டும். அதனை விளக்கத் தறியைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

ஜப்பானில் 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சாகிச்சி டொயோடா, 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் அவர் அமைத்த விசைத்தறி, ஊடை இழை அறுந்தால் தானே நின்றுவிடும். இத்தகைய ஏற்பாடுகள் அவருக்கு முன்பே மேல்நாடுகளில் இருந்தன எனினும், அவற்றை முழுமையாக ஒரே தறியில் இணைத்த பெருமை 1924இல் வெளிவந்த அவருடைய 'ஜி' வகைத் தறிக்கு உண்டு. ஓட்டம் நிற்காமலே அதில் நாடா மாறும். பாவின் ஒவ்வோர் இழையிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். இழை அறுந்ததும் தகடு கீழே விழும். விழுந்த தகடு தறியை நிறுத்தும். தானியக்கத்தின் சாரம் முழுவதும் இந்தச் சிறு தகட்டில் அடங்கியிருக்கிறது. உள்ள நிலையை உணர்தல், இருக்கவேண்டிய நிலையோடு ஒப்பிடுதல், வேறுபட்டால் உடனே செயற்படுதல் என்பவையே அது. இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாட் சகோதரர் கம்பெனியார் இத்தறியின் உரிமையை 1929இல் 1,00,000 பவுனுக்கு வாங்கினர். டொயோடாவின் மைந்தர் பின்னர் மோட்டார் வாகன உற்பத்தியில் இறங்க, 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தோன்றியது.

இத்தறி மிச்சப்படுத்தியது யாது? வேகத்தினால் வந்த லாபத்தைக் காட்டிலும், அறுந்த இழையோடு நெய்யப்படும் பழுதுத் துணி நின்றதே பெரிது என்பது என் கருத்து. ஒரே ஆள் முப்பது தறிகளைக்கூடக் கவனிக்க முடிந்தது என்பதும் உண்மை. ஆலை முதலாளிக்கு அது லாபம். அங்கத்தினரே உழைப்பாளராகவும் உரிமையாளராகவும் உள்ள சங்கத்திற்கோ, மீதி ஆட்கள் எங்கே போவர் என்ற கேள்வியும் கணக்கில் சேரும். ஆகவே ஆளை விலக்கும் யந்திரத்தையும், பழுதைக் கண்டு நிற்கும் யந்திரத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தலாகாது.

இன்றைய ரோபோக்களும் இதே வழியில் வந்தவையே. 2019இல் பார்சிலோனாவில் நடந்த ஜவுளி யந்திரப் பொருட்காட்சியில், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியார் நூற்பு யந்திரத்தில் அறுந்த நூலை ஒட்டும் ரோபோ ஒன்றைக் காட்டினர். எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்பதை உணர்கருவி அறிவிக்கிறது. ரோபோ அவ்விடம் சென்று நூலைச் சேர்க்கிறது. இது நம் சங்கங்கள் வாங்கக்கூடிய பொருளன்று. ஆயினும் அறுந்த தகவலைத் தெரிவிக்கும் சிறு உணர்கருவி இல்லையேல், அந்த ரோபோவும் செய்வதறியாது நிற்கும் என்பது கவனிக்கத்தக்கது.

இனி விவசாய அங்கத்தினரின் கிணற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்குக் கட்டணம் இல்லை. ஆகவே மின்சாரச் சிக்கனம் நமக்கெதற்கு என்பர் சிலர். மின்சாரம் இலவசம், கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டுவது இலவசமன்று. நீர் வற்றிய ஆழ்துளைக் கிணற்றில் பம்பு வெறுமனே சுற்றும்போது மோட்டாரின் சுமை குறைகிறது. சுமை குறைய அது இழுக்கும் ஆம்பியரும் குறைகிறது. இக்குறைவை உணர்ந்து மோட்டாரை நிறுத்தி, நீர் ஊறக் குறித்த நேரம் கழித்து மீண்டும் ஓடவிடும் கருவியே 'டிரை ரன்' காப்பு. மூன்று ஃபேஸில் ஒன்று போனால் நிறுத்தும் கருவியும் இவ்வினமே. இவை டொயோடாவின் தகட்டுக்கு உடன்பிறப்புகள். இவற்றுக்குக் கடன் வழங்க நான் தயங்கமாட்டேன்.

இதற்கு நேர்மாறானது ஆட்டோ ஸ்டார்ட்டர். மின்சாரம் வந்ததும் மோட்டாரை ஓடவிடுவது மட்டுமே அதற்குத் தெரியும். நிலம் நனைந்திருக்கிறதா என்று தெரியாது. நள்ளிரவில் மின்சாரம் வந்தவுடன் ஊரிலுள்ள மோட்டார்கள் யாவும் ஒருங்கே கிளம்புவதால் வோல்டேஜ் விழுகிறது. கம்பியின் கடைக்கோடியிலுள்ள ஏழை விவசாயியின் மோட்டாரே முதலில் சூடேறும். ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத கருவிக்குத் தானியங்கி என்ற பெயர் எவ்வாறு பொருந்துமோ!

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'டிரைவ்' கருவி குறித்து ஓர் எச்சரிக்கை. வேகத்தை நூற்றுக்கு 20 பங்கு குறைத்தால் சக்திச் செலவு ஏறக்குறையப் பாதியாகும் என்று விற்பனையாளர் கூறுவர். மின்விசிறிக்கு இது மெய். ஆழ்கிணற்றுக்கோ, வேகம் 80 பங்கானால் பம்பு நீரை ஏற்றும் உயரம் 64 பங்காகிவிடும். 300 அடிவரை ஏற்றவல்ல பம்பு அப்போது 192 அடிக்குமேல் ஏற்றாது. நீர்மட்டம் 250 அடியில் இருப்பின் ஒரு சொட்டும் வராது. மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நீர்மட்டம் எத்தனை அடி என்று கேளாமல் டிரைவ் விற்க வருபவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

விசைத்தறிக் கூடங்களில் பவர் ஃபேக்டர் என்னும் விஷயம் முக்கியமானது. மோட்டார் வேலைக்கான மின்னோட்டத்தோடு, தன் காந்தத்தை உண்டாக்கவும் தனியே மின்னோட்டம் இழுக்கிறது. மாடு நெல்லோடு வண்டியின் கனத்தையும் இழுப்பதைப்போன்றது இது. தேவைக்குமேல் பெரிய மோட்டாரைப் பொருத்தினால், கனத்த வண்டியில் இரண்டே மூட்டை ஏற்றிய கதையாகும். கெபாசிட்டர் அந்தக் காந்த மின்னோட்டத்தைப் பக்கத்திலிருந்தே தந்துவிடும். பவர் ஃபேக்டர் 0.70இலிருந்து 0.95 ஆக உயர்ந்தால், அதே வேலைக்குக் கம்பியில் 100 ஆம்பியர் ஓடிய இடத்தில் சுமார் 74 ஆம்பியரே ஓடும். கம்பி சூடாவதால் வரும் நஷ்டம் 100க்கு 54 அளவில் நிற்கும். ஓடும் தறிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கெபாசிட்டர்களைத் தானே சேர்த்தும் விலக்கியும் வைக்கும் பலகை உண்டு. தறிகள் பாதி நின்றபோதும் முழுக் கெபாசிட்டரும் இணைந்திருப்பது தீங்காதலின் அது அவசியமே. ஆனால் இதனால் மீட்டரில் யூனிட் பாதியாகிவிடும் என்று எவரேனும் சொல்லின் நம்பற்க. யூனிட் குறைவது சொற்பம். வீட்டுச் சுவரில் சொருகும் 'பவர் சேவர்' பெட்டிகள் வெறும் ஏமாற்று. 2023 மார்ச் முதல் இரு மாதங்களுக்கு விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கைத்தறிக்கு 300 யூனிட்டும் இலவசமாக உயர்த்தப்பட்டதை அறிந்த அங்கத்தினர், மிஞ்சும் யூனிட்டுக்கே கட்டணம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுக. கூடத்தின் சக்திச் செலவை முறையாக அளந்தறிய விரும்புவோர், கோவையில் 1956இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை அணுகலாம்.

கைத்தறியிலும் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. 1804இல் லியோன் நகரத்து ஜக்கார்டு அட்டையில் துளையிட்டுச் செய்ததை அது கணினிக் குறிப்பால் செய்கிறது. நாடா வீசுவது நெசவாளர் கையே. எனினும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியிருப்பதால், மோட்டாரால் இழை தூக்கும் கருவியை வாங்குமுன் கைத்தறித் துறையிடம் எழுத்துமூலம் விளக்கம் பெறுதல் நலம்.

கடன் பெற்றுக் காப்புக் கருவி பொருத்தும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. டிரை ரன் கருவியில் வைக்கும் ஆம்பியர் அளவை மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பார்த்து வைக்கலாகாது. பம்பு நிறைய நீர் இறைக்கும்போது டாங் டெஸ்டரால் அளந்து, அதனினும் தக்க அளவு குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும். அந்த அளவையும் தேதியையும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் உட்புறமாக எழுதி வையுங்கள். காயில் கட்டிய பின்னர் அளவு மாறக்கூடும். மெக்கானிக் கருவியைச் சுற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்திருக்கவும் கூடும். மறுபடி அளந்து, மறுபடி எழுதிய பின்னரே அவருக்குக் கூலி கொடுங்கள்.