வானொலியில் இரையும் விளக்கு

பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில், மறுநாள் கடலுக்குப் போகலாமா என்று அறிய வானிலை அறிக்கைக்குக் காது கொடுத்திருக்கும் வேளையில் வீட்டு விளக்கைப் போட்டதும் வானொலியின் குரல் கரகரப்பில் அமிழ்ந்துபோகுமானால், பெட்டி பழுதென்று எண்ணிக் கடைக்கு எடுத்துப் போக வேண்டியதில்லை. தொல்லையின் மூலகாரணம் அநேகமாக அந்த விளக்கேதான். வெளிச்சத்தோடு கூடவே அது ரேடியோ அலைகளையும் பரப்பிக்கொண்டிருக்கிறது.

பழைய குண்டு பல்பு இவ்விஷயத்தில் சாது. டியூப்லைட்டிலோ, நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழல்வதால், குழாய்க்குள் வாயு நொடிக்கு 100 தடவை அணைந்து பற்றுகிறது. ஒவ்வொரு பற்றலிலும் அலைச் சிதறல் உண்டு. அதன் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு கண்டென்சர் இச்சிதறலை அடக்குவதற்கென்றே வைக்கப்பட்டது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பின் நாடெங்கும் பெருகிய எல்.இ.டி. பல்பின் சங்கதி வேறு. 230 வோல்ட் மின்சாரத்தைத் தனக்கு ஏற்றவாறு குறைத்துக்கொள்வதற்காக, அதனுள் உள்ள சில்லு மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. வீணைத் தந்தியை மீட்டினால் ஆதார ஸ்வரத்தோடு அதன் மடங்குகளும் கூடவே ஒலிப்பதுபோல, 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் பல்பு 120, 180 என்று ஏறிப் பன்னிரண்டாம் மடங்கில் 720-ஐத் தொடுகிறது. 1938 ஜூன் 16-இல் பிறந்த சென்னை வானொலி மத்திய அலையில் நெடுங்காலம் ஒலித்த இடம் அதுவே! வீட்டு ஒயர்கள் முழுவதும் அந்த இரைச்சலுக்கு ஏரியலாகிவிடுகின்றன. இதை வடிகட்டக் கம்பிச்சுருள் ஒன்றும் கண்டென்சர் ஒன்றும் போதும். விலையைக் குறைக்க அவற்றை விட்டுவிடும் தயாரிப்பாளர்கள் செய்வது அநியாயம் என்றே சொல்வேன். மின்சாதனங்களின் இத்தகைய தொல்லைக்கு வரம்பு கட்ட ஒரு சர்வதேசக் குழு 1934-லேயே கூடிவிட்டது.

பண்பலைக்கு இத்தொல்லை குறைவு. அங்கே குரல் அலையின் உயரத்தில் அல்லாமல் அதிர்வெண்ணின் ஏற்றத்தாழ்வில் ஏறி வருகிறது. ஆயினும் நேர்க்கோட்டில் செல்லும் அவ்வலை வெகுதூரம் எட்டாது. மத்திய அலையோ தரையைத் தழுவிச் செல்வது. உப்புநீரின்மேல் அதற்குச் சேதாரமும் மிகக் குறைவு. ஆதலால், ஒயர்களும் விளக்குகளும் இல்லாத நடுக்கடலில், படகில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும் அதே அறிக்கை, கரையில் அவருக்காகக் காத்திருக்கும் வீட்டாருக்குக் கலங்கிக் கேட்கிறது.

பரிகாரம் எளிது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்து மாற்றலாம். கரண்டை விட்டு பாட்டரியில் வானொலியை இயக்கினால் ஒயர்வழி வரும் இரைச்சல் நின்றுவிடும். பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு தன் நுனி நோக்கும் திசையிலிருந்து வரும் அலையை அநேகமாக ஏற்பதில்லை. ஆகவே கரகரப்பு அடங்கும்வரை பெட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அந்நிலையில் வைத்துக் கேட்பது காசில்லாத வழி.